எட்டாவது வசனத்தை எப்போது வாசிப்பது

ஜூன் மாதம் பதினேழாந் திகதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. என் கையிலிருந்த காற்றுமானி செக்கனுக்கு நாலு மீற்றர் என்று காட்டியது. கோப்பாய் வெளியில் அறுபது மீற்றர் உயரமான தொலைபேசிக் கோபுரம் ஒன்றின் அடியில், நாங்கள் ரவர் என்போம், ஐந்து பேர் நின்றோம். நால்வர் ஏறுவதற்கு வந்தவர்கள். ஐந்தாவது ஆள் நான், கையெழுத்துப் போடுவதற்கு வந்தவன். நான் கையெழுத்துப் போடவில்லை.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த நிறுவனத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் பாதுகாப்பு அலுவலர் போன மாதம் எடுத்தார்.

“ஐயா, இப்ப ஆக்களின்ரை மனநிலையைப் பற்றின கேள்வியெல்லாம் போனிலைதான் வருது. முன்னுக்கு நீங்கள் அந்த நாளிலை வாசிச்ச ஒப்புதல் வாசகம்தான் இருக்கு. அதிலை எட்டாவது வசனத்தைப் பாத்திட்டுப் பெடியள் முகத்தைச் சுழிக்கிறாங்கள். அதை எடுத்துவிட்டால் என்ன?”

“எடுக்கக் கூடாது.”

“ஏன் ஐயா?”

இருபத்தேழு நிமிடம் விளக்கினேன். நடுவில் அவருடைய போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. மிச்சத்தை எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன். முதலில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர், சாக்கு எண்ணுவது. பிறகு தண்ணீர்த் தாங்கி கட்டும் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் தலைக்கவசமும் கயிறும் எண்ணுவது. இந்த எண்ணும் குணத்தைப் பார்த்துத்தான் என்னைப் பாதுகாப்பு அலுவலர் ஆக்கினார்கள். அதற்குரிய டிப்ளோமாவைக் கொழும்பில் ஆறு மாதத்தில் முடித்தேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பாடு சரியில்லை.

தாங்கி வேலையில் ஒரு மேசன் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்தது, உயிர் தப்பியது. அன்று மாலை என் பரிசோதனைப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். தலைக்கவசம் சரி. பட்டி சரி. கயிறு சரி. பலகை சரி. பட்டியலில் இருந்த இருபத்தாறு விடயங்களும் சரி. மனிதன் விழுந்திருந்தான். ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி சொன்னார், பிள்ளைக்கு இழுப்பு, பத்து நாளாக மனிசன் கண் மூடவில்லை என்று. என் பட்டியலில் அதற்கு இடம் இருக்கவில்லை. இருபத்தேழாவதாக ஒன்றை எழுதப் பார்த்தேன். என்ன எழுதுவது? ‘மனிதன் சரி’ என்றா? அதை யார் பார்த்து அடையாளம் போடுவது?

அந்தக் கேள்வியோடேயே ரவர் பராமரிக்கும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன். ஐம்பத்தைந்தாவது வயதில், நல்லூரில் சனி ஞாயிறு வகுப்பாகத் தொழில்சார் சுகாதார உளவியலில் முதுமாணிப் படிப்பு ஒன்று தொடங்குவதாகப் பத்திரிகையில் பார்த்தேன். வேலை மனிதனின் மனதுக்கு என்ன செய்கிறது, அந்த மனதோடு அவன் திரும்பி வந்து வேலைக்கு என்ன செய்கிறான் என்பதைப் படிக்கும் துறை. விண்ணப்பித்தேன். “பேரப்பிள்ளைக்குப் புத்தகப் பை வாங்கிற வயசிலை இந்த மனிசன் தனக்கு வாங்குது” என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொன்னது எனக்குக் கேட்டது.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். தாதியர், வங்கி உத்தியோகத்தர், ஆசிரியர். கூரைக்கு மேல் ஏறுகிற மனிதரோடு வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான். மேல்மாடியில் ஓர் அறை. சுவருக்கு அப்பால் ரியூசன் நிலையம். நாங்கள் வேலைப் பளுவைப் பற்றிக் கதைக்கும்போது அங்கே ஒருவர் ஒலிபெருக்கியில் உராய்வு விசை படிப்பிப்பார். முதல் வருடத்தில் படித்ததை மூன்று கேள்வியாகச் சுருக்கலாம். இந்த மனிதனிடம் எவ்வளவு கேட்கிறார்கள்? அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்க அவனுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? அவனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? மிச்சம் எல்லாம் இந்த மூன்றையும் எப்படி அளப்பது என்பதுதான். அளப்பது எனக்குப் பிடிக்கும். புள்ளிகள் நல்லாய்த்தான் வந்தன.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் பயத்தை ஏன் மறைக்கிறார்கள் என்பது என் தலைப்பு. எங்கள் நிறுவனத்தின் ஏறும் ஆட்கள் பதினொரு பேரையும் பேட்டி காண்பது திட்டம். பிராந்திய முகாமையாளர் நிர்மலன் அனுமதி தந்தார். அவருக்கு முப்பத்தாறு வயது. அனுமதி தரும்போது சிரித்துக்கொண்டே தந்தார்.

எனக்கு மேற்பார்வையாளராக வந்த பேராசிரியர் என்னிலும் பதினாலு வயது இளையவர். பெண். பேசத் தொடங்குவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்க, மேசையில் வைப்பார். ஒருநாளும் சரி என்றோ பிழை என்றோ சொல்லமாட்டார். எழுதியதில் ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்து, தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பார். எவ்வளவு நேரமும் காத்திருப்பார்.

பேட்டிக்கு முன் வாசிக்க வேண்டிய ஒப்புதல் வாசகத்தில் பதினொரு வசனங்கள். நீங்கள் சொல்வது இரகசியம், பெயர் வராது, விரும்பினால் நடுவில் எழும்பிப் போகலாம் என்று போகும். எட்டாவது இது: ‘நீங்கள் சொல்வதிலிருந்து உங்கள் உயிருக்கோ வேறொருவரின் உயிருக்கோ ஆபத்து உண்டென்று தெரிந்தால், அதை மட்டும் உரியவருக்கு அறிவிக்க நான் கடமைப்பட்டவன்.’

முதல் ஆளுக்குக் காலையில், ரவர் அடியில், ஏறுவதற்கு முன் வாசித்தேன். எட்டாவதில் அவர் கையை நீட்டி மறித்தார்.

“சேர், ஏறப் போற மனிசனுக்கு முன்னாலை உயிர், ஆபத்து எண்டு என்னத்துக்கு வாசிக்கிறியள்? காலமை என்ரை மனிசி ‘எங்கை போறியள்’ எண்டுகூடக் கேக்கிறேல்லை.”

எழும்பி ரவர் வேலிக்கு வெளியே போனார். கால் கழுவினார். திரும்பி வந்து சற்று இருந்தார், தண்ணீர் குடித்தார், வீட்டிலிருந்து புதிதாகப் புறப்படுகிறவர் போல முதலிலிருந்து தொடங்கினார். பேட்டி தரவில்லை. மத்தியானத்துக்குள் எல்லா அணிகளுக்கும் செய்தி போய்விட்டது. எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: சாவு வாசிக்கிற சேர். அதன்பிறகு ஒருவரும் என் பக்கம் வரவில்லை.

பேராசிரியரிடம் போய், எட்டாவதை எடுத்துவிடலாமா என்று நானும் கேட்டேன். இப்போது அந்த இளம் அலுவலர் கேட்கிற அதே கேள்வி. பேராசிரியர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

“எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. நான்தான் ஏறுற ஆள்.”

வாசித்தேன். எட்டாவதில் அவர் அந்த மனிதரைப் போலவே கையை நீட்டினார். “நிப்பாட்டும் சேர். இப்ப நான் எங்கை நிக்கிறன்?”

“ரவருக்குக் கீழை, மடம்.”

“ஏறிட்டனோ, இறங்கிட்டனோ?”

“இன்னும் ஏறேல்லை.”

பென்சிலை எடுத்து எட்டாவது வசனத்துக்குக் கீழே அல்ல, தாளின் மூலையில் நான் எழுதியிருந்த ‘காலை 6.30’ என்பதற்குக் கீழே கோடு இழுத்தார். “வசனத்தை மாத்தேலாது ஐயா. நேரத்தை மாத்தலாம்.”

அடுத்த வாரத்திலிருந்து, அவர்கள் இறங்கி, பெல்ற்றைக் கழற்றிப் பையில் வைத்து, முகம் கழுவி, தேநீர் குடித்து முடித்த பிறகு வாசித்தேன். பதினொரு வசனமும். இறங்கிய மனிதனுக்கு உயிரைப் பற்றிக் கதைக்கலாம். ஒருவரும் மறிக்கவில்லை. பதினொரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள்.

ஒன்பதாவது ஆள் குகதாசன்.

குகதாசனுக்கு நாற்பத்துநாலு வயது. வடகரையில் கடலோடிக் குடும்பம். தகப்பன், பாட்டன் எல்லோரும் பாய்மரம் ஏறியவர்கள். பெண் எடுத்தது உடுப்பிட்டியில், குடியிருப்பதும் மனைவியின் சீதன வீட்டில் அங்கேதான். இருபத்தொரு வருடமாக ரவர் ஏறுகிறவர், அணித் தலைவர். ஏறாமல் கீழே நின்று கயிறு பிடிக்கிறவர்களுக்குக் ‘கீழ் ஆள்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் கழராது.

ஜூன் பதினாலாந் திகதி வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் களஞ்சிய அறையில் அவருக்கு வாசித்தேன். எட்டாவது முடிந்ததும் சொன்னார்:

“இதை இன்னொருக்கா வாசியுங்கோ சேர்.”

வெளியில் லொறி ஒன்றைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துத் திருப்பி வாசித்தேன்.

“சரி. இனிக் கேளுங்கோ.”

முதல் சில கேள்விகளுக்குப் பகிடியாகவே பதில் சொன்னார். பயம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது என்றார். பிறகு அதே குரலில்:

“மாசி மாசத்திலை இருந்து நாப்பது மீற்றர் தாண்டினால் வலது கை திறக்குதில்லை.”

“திறக்குதில்லை எண்டால்?”

“இரும்பைப் பிடிச்சால் பிடிச்சபடி. விடு விடு எண்டு மனம் சொல்லும், கை கேக்காது. மற்றக் கையாலை ஒவ்வொரு விரலாய்க் கழட்டவேணும். ரஜீவனிட்டை, ‘நீ மேலை போய்ப் பழகடா, நான் இதிலை நிக்கிறன்’ எண்டுவன். உவனும் சந்தோசமாய்ப் போவான்.”

ரஜீவன் அவருடைய அணியில் இரண்டாவது ஆள்; அவருக்கு நேர் கீழே ஏறுகிறவர். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“உது பரவாயில்லை சேர். போன கிழமை அம்பத்திரண்டு மீற்றரிலை நிண்டு குனிஞ்சு பாத்தனான். ரெண்டு கொளுக்கியும் இடுப்பிலை தொங்குது.”

எழுதுவதை நிறுத்தினேன். ஏறுகிறவரின் பெல்ற்றில் இரண்டு கொளுக்கி. ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றது இரும்பில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இடுப்பில் தொங்குவது என்றால், அந்த உயரத்தில் அவரைப் பிடித்திருந்தது அவருடைய கை மட்டும்தான்.

“எப்ப கழட்டினனீர்?”

“தெரியாது. எவ்வளவு தூரம் அப்பிடி ஏறினனான் எண்டும் தெரியாது. ரஜீவன் எனக்கு நேர கீழை.” பையின் சிப்பை இடது கையால் இழுத்து மூடினார். “திங்கள் கோப்பாய் ரவர்தானே? போட்டு வாறன் சேர்.”

நல்லூர்த் திருவிழாவுக்குச் சனம் கூடுவதற்கு முன் மூன்று ரவர்களில் அன்ரெனா மாற்ற வேண்டும். முதலாவது கோப்பாய். குகதாசன் இல்லாமல் அந்த வேலை ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை வகுப்பு இடைவேளையில் பேராசிரியரிடம் பெயர் சொல்லாமல் சொன்னேன். சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

“எட்டாவது வாசிச்சியளோ?”

“வாசிச்சனான்.”

“எப்ப?”

“இறங்கி, முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்ச பிறகு.”

“அவருக்குக் கேட்டதோ?”

“ரெண்டு தரம் கேட்டது. இன்னொருக்கா வாசிக்கச் சொன்னவர்.”

பென்சில் நின்றது. “ஏன் சொன்னவர்?”

“வெளியிலை லொறிச் சத்தம் மடம்.”

“மற்ற வசனங்களையும் திருப்பி வாசிக்கச் சொன்னவரோ?”

“இல்லை.”

அவர் காத்திருந்தார். நான் அப்போதும் லொறியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே பேசினார்.

“நீங்கள் அறிவிச்சால் அவரின்ரை பேட்டியை ஆய்விலை சேர்க்கேலாது. கொம்பனி கோவிச்சு அனுமதியை எடுத்தால் மற்ற எட்டும் போகும். ஆய்வேடு அதோடை நிண்டாலும் நிக்கும். அதையும் கணக்கிலை எடுங்கோ.”

“நான் இப்ப என்ன செய்யவேணும் மடம்?”

“அதை நான் சொன்னால் அது என்ரை முடிவாப் போகும். திங்கட்கிழமை அந்தக் கடுதாசியிலை போடுறது உங்கடை கையெழுத்தெல்லோ?” கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “எனக்குத் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லுறன். ஏன் திருப்பி வாசிக்கச் சொன்னவர் எண்டு அவரைக் கேளுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் எடுத்து உடுப்பிட்டிக்குப் போனேன். குகதாசன் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். இடது கையால். வேலையில் என்னைச் சேர் என்கிறவர், வீட்டுப் படலையில் கண்டதும் மாற்றிக்கொண்டார்.

“என்ன அண்ணை, ஞாயிற்றுக்கிழமையும் எண்ண வந்திட்டியளோ? எங்கடை வளவிலை அஞ்சு தென்னை. எழுதிக்கொண்டு போங்கோ.”

அவருடைய மனைவி வசந்தா கதிரை போட்டுத் தேநீர் தந்தா. தந்துவிட்டுப் போகாமல் நின்றா.

“அண்ணை, உவர் கோப்பையைப் பிடிச்சால் விடுறாரில்லை. வாதமாக்கும் எண்டு ஒவ்வொரு நாளும் எண்ணெய் பூசிறன். என்ன எண்டு கேட்டால் ஒண்டுமில்லையாம்.”

“நீ உள்ளை போ.”

“போறன். எனக்குச் சொல்லாததை ஆருக்கோ சொல்லியிருக்கிறியள். இல்லாட்டில் இந்த மனிசன் ஏன் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலை வருது?”

அவ உள்ளே போனதும் நான் கதைத்தேன். வெள்ளிக்கிழமை சொன்னதை முகாமையாளருக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேட்க வந்தேன் என்று.

“சம்மதமோ?” சில்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “நான் ஓம் எண்டால், ஏறமாட்டன் எண்டு நானே சொன்னதாப் போகும். இருபத்தொரு வருசம் கீழை நிண்டவங்களைப் பகிடி பண்ணினனான் அண்ணை. என்ரை வாயாலை அது வராது.”

“அப்ப ஏன் எனக்குச் சொன்னனீர்?”

அவர் வாளித் தண்ணீரை ஊற்றினார்.

“எட்டாவதை ஏன் திருப்பி வாசிக்கச் சொன்னனீர்? லொறிச் சத்தமோ?”

அவர் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “லொறியோ? எந்த லொறி?” பிறகு மீண்டும் சில்லைக் கழுவத் தொடங்கினார். “நான் அந்த வசனத்தை வடிவாக் கேட்டுப்போட்டுத்தான் சொன்னனான். நாளைக்கு வருவன். பெல்ற் கட்டுவன். ஏறவும் பாப்பன். ஏறுறது என்ரை வேலை. மறிக்கிறது உங்கடை வேலை.”

உடுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபடி நிர்மலனுக்கு எடுத்தேன். நாளைக்கு ஏறுகிறவர்களில் ஒருவர் ஏறக்கூடாத நிலையில் இருக்கிறார் என்று சொன்னேன்.

“சேர், பேரைச் சொல்லாதேங்கோ. சொன்னால் நான் எழுதவேணும். எழுதினால் கொழும்பு மூண்டு ரவரையும் நிப்பாட்டும்.”

“எழுதத்தானே வேணும்.”

“நீங்கள் அதை எப்பிடி அறிஞ்சனியள்? உங்கடை படிப்புக்கு எடுத்த பேட்டியிலை. இரகசியம் எண்டு சொல்லித்தானே எடுத்தனியள்? அதை ஒஃபீசுக்குக் கொண்டுவரலாமோ? நீங்கள் படிக்கிறதே அந்த ஒழுங்கைத்தானே சேர்?”

அவர் என் பாடத்தைக் கொண்டே என்னை அடைத்தார். எட்டாவது வசனம் அதற்காகத்தான் இருக்கிறது என்றேன். “எனக்கு அந்த வசனம் தெரியாது. எனக்கு நாளைக்கு ஆறே முக்காலுக்கு ஏற்றம் தொடங்கவேணும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவு வீட்டில் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று எண்ணிப் பார்க்க மாத்திரை அட்டையை எடுத்தேன். போட்டிருந்தேன்.

இனித் திங்கட்கிழமை.

ரவர் ஏறுவதற்கு முன் நிரப்புகிற அனுமதிச் சீட்டை நாங்கள் பேர்மிற் என்போம். காற்று, கருவி, பெல்ற், கொளுக்கி எல்லாம் நான் பார்த்து, கீழே ஒப்பமிட்டால்தான் முதல் கால் இரும்பில் வைக்கலாம். காற்று பத்துக்கு மேலே போனால் ஏற்றம் இல்லை. காற்றுமானியில் நாலு. அதில் பதின்மூன்று என்று எழுதலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. யாருடைய மானமும் போகாது, குகதாசனும் தப்புவார். ஆனால் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருக்கிறது. புதன் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காற்றை நான் கண்டுபிடிக்க முடியாது. நாலு என்றே எழுதினேன்.

குகதாசன் பெல்ற் கட்டிவிட்டார். ரவரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். வழக்கமாக வலது கையால் தொடுவார். அன்று இடது கை.

“இண்டைக்கு ஏற்றம் இல்லை” என்றேன்.

ரஜீவன் காற்றுமானியை எட்டிப் பார்த்தார். “நாலுதானே சேர்! திருவிழாக் கொடியே அசையாது.”

“ஏற்றம் இல்லை.”

“ஏன்?”

நான் சொல்லவில்லை. அணியின் முன்னிலையில் ஒருவருடைய பெயரைச் சொன்னால், அது அறிவித்தல் அல்ல, அவமானம். உரியவருக்கு என்றுதான் வசனத்தில் இருக்கிறது. உரியவரோ பெயரைக் கேட்க மறுத்துவிட்டார். ரஜீவன் முகாமையாளருக்கு எடுத்து, போனைச் சத்தமாக விட்டு, ரவர் அடிச் சீமெந்துக் கட்டில் வைத்தார்.

“சேர்,” நிர்மலனின் குரல், “காரணம் என்ன எண்டு எழுதுங்கோ.”

“காரணம் உங்களுக்கு நேற்றுச் சொல்ல வந்தனான். நீங்கள் கேக்கேல்லை.”

நிர்மலன் நேரே விதிக்கு வந்தார்: “சரி. பாதுகாப்பு அலுவலருக்குச் சுகமில்லை. விதி எப்பிடி? அவர் இல்லாட்டில் அணித் தலைவர் ஒப்பமிடலாம். தாசன், நீர் கையெழுத்தைப் போட்டிட்டு ஏறும். சேர் வீட்டை போய்ப் படுக்கட்டும்.”

விதி அப்படித்தான் இருந்தது. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். ரஜீவன் என் கையிலிருந்த பேர்மிற் அட்டையையும் பேனையையும் மெதுவாக வாங்கிக் குகதாசனிடம் நீட்டினார். ஒரு கையெழுத்து, இரண்டு கொளுக்கி, அறுபது மீற்றர், அவருக்கு நேர் கீழே ரஜீவன். இதற்கு மேல் பெயரைச் சொல்லிக் கத்துவதைத் தவிர வழி இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

குகதாசன் பேனையை வலது கையால் வாங்கினார். அட்டையில் முனையை வைத்தார். எழுதவில்லை. கை இறுகியது. விரல் கணுக்கள் வெளிறின. பேனையின் பிளாஸ்ரிக் கிரீச்சென்றது. ஏறும் ஆள் ஒருவர் அப்படிக் கை இறுகுவதை மறைக்க நினைத்தால் ஆயிரம் வழி இருக்கிறது. பையில் விடலாம், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகலாம். அவர் அந்தக் கையை எல்லோரும் பார்க்க எனக்கு முன்னே நீட்டினார்.

“அண்ணை,” என்றார். ரவர் அடியில் என்னை அப்படி அழைத்தது அன்றுதான் முதல் தடவை. “கழட்டிவிடுங்கோ.”

சின்னி விரலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றாக. ஐந்தாவதாகப் பெருவிரலை நிமிர்த்தியபோது பேனை மண்ணில் விழுந்தது. ரஜீவன் அந்தக் கையைப் பார்த்தார், தலையை நிமிர்த்தி ரவரின் உச்சியைப் பார்த்தார், பிறகு மீண்டும் கையைப் பார்த்தார். தனக்கு மேலே இத்தனை மாதம் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“என்ன நடக்குது அங்கை? கையெழுத்துப் போட்டாச்சோ?” போன் கத்தியது.

ரஜீவன் குனிந்து போனை எடுத்தார். “இண்டைக்கு ஏற்றம் இல்லை சேர்” என்று சொல்லிக் கட் பண்ணினார்.

குகதாசனின் பெல்ற்றை ரஜீவன்தான் கழற்றினார். கழற்றும்போது குகதாசன் அவரைப் பார்த்துச் சொன்னார்: “என்னடா பாக்கிறாய்? இனிக் கீழ் ஆள் எண்டு கூப்பிடு. நான் வைச்ச பேர்தானே.” ஒருவரும் கூப்பிடவில்லை. அன்று கூப்பிடவில்லை என்று எழுதுவதுதான் சரி. பிறகு கூப்பிட்டார்கள்.

அவரை நரம்பு வைத்தியரிடம் அனுப்பினார்கள். நரம்பில் பிழை இல்லை. மனநல கிளினிக்குக்கு மாதக் கணக்காகப் போனார். வசந்தாவும் கூடப் போவா. அவர் மறுபடி ஏறவில்லை. இப்போது களஞ்சியத்தில் பெல்ற்றும் கொளுக்கியும் பரிசோதிக்கிறார். எல்லா நாளும் என்னில் நன்றியோடு இருந்தார் என்று சொல்லமாட்டேன். கிழவன் அந்த வாசிப்பை வாசிக்காமல் விட்டிருந்தால் தான் இன்னும் மேலேதான் நிற்பேன் என்று சிலரிடம் சொன்னாராம். சொல்லட்டும். சொல்வதற்கு அவர் இருக்கிறார்.

நிறுவனம் இரண்டு வரிக் கடிதத்தில் ஆய்வு அனுமதியை மீளப்பெற்றது. ஒன்பது பேட்டிகளையும் பேராசிரியர் முன்னிலையில் அழித்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசித் தாள் கிழியும்வரை உட்கார்ந்திருந்தார். “வேறை இடம் தேடுங்கோ ஐயா, ஆறு மாதம் நீடிப்பு வாங்கித் தாறன்” என்றார். தேடினேன். சொந்த நிறுவனத்தின் ஏற்றத்தை நிறுத்தியவனுக்குத் தங்கள் ஆட்களைக் காட்ட வேறெந்த நிறுவனமும் விரும்பவில்லை. நீடிப்பும் முடிந்தது. மார்கழியில் என் வேலை ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. பெயருக்குப் பின்னால் எழுத்து ஒன்றும் சேரவில்லை. இருபத்திரண்டு பேரில் பட்டம் பெறாதவன் நான் ஒருவன்.

இளம் அலுவலருக்கு என் பதில் இதுதான். எட்டாவது வசனம் ஏறுகிறவனைப் பயமுறுத்த எழுதியது என்று நினைக்காதீர்கள். தன் வாயால் ‘ஏறமாட்டேன்’ என்று சொல்ல முடியாத மனிதன் ஒருவன் உங்கள் அணியில் இருக்கிறான். அவன் வெளியே வரக்கூடிய கதவு அது ஒன்றுதான். அதைச் சிறிய எழுத்தில் போனில் போட்டு மூடாதீர்கள். வாயால் வாசியுங்கள். இறங்கி, முகம் கழுவி, தேநீர் குடித்த பிறகு வாசியுங்கள். யாராவது திருப்பி வாசிக்கச் சொன்னால், லொறிச் சத்தம் என்று நினைக்காதீர்கள்.

போன வருடம் நல்லூர்த் தேரன்று வீதியில் குகதாசனைக் கண்டேன். வெயில். தேநீர்க் கடையில் எனக்கும் ஒரு பிளேன்ரீ சொன்னார், காசும் அவரே கொடுத்தார். கண்ணாடிக் கோப்பையை வலது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பிடித்தேன். பிடித்தவுடன் அவர் விட்டார்.

எட்டாவது வசனத்தால் எனக்கு எவ்வளவு போனது என்று எண்ணியபோது, வேலை போனதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது எப்படியும் ஒருநாள் போகிற வேலை. படிப்புக்கு மட்டும் பார்த்தேன். இரண்டு வருடக் கட்டணம், பரீட்சை, மேற்பார்வைக் கட்டணம், அச்சு, ஒலிப்பதிவுக் கருவி, உடுப்பிட்டிக்குப் போய்வந்த பஸ் காசு எல்லாம் சேர்த்துச் சரியாக மூன்று இலட்சத்து ஐம்பதாயிரம். அதில் குகதாசன் வாங்கித் தந்த பிளேன்ரீ நாற்பது ரூபாவைக் கழித்தால், மூன்று இலட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபா.